வெர்டா நேப்பியரும் பின்னோக்கி ஓடிய மின்னியும்

கர்னி சைஸ்மோர் அந்தக் கதையைத் தீவனக் கடையில் சொல்லியிருந்தார். தேவாலயத்து வாசலில் சொல்லியிருந்தார். முடி வெட்டிக்கொள்ளும் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்தபடியும் சொல்லியிருந்தார். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் ஊரில் வேட்டைநாய் பழக்கும் மிஸ் வெர்டாவின் சமையலறையில் அதை மறுபடி அவர் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். முட்டை வாங்கப் போயிருந்தேன்.

"தன் வாலைப் பாத்து தானே பயப்படுற வயசு என் நாய்க்குட்டிக்கு," என்று ஆரம்பித்தார் கர்னி. மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரி செய்துகொண்டார். "முயல் எழும்பிருச்சு. நான் வண்டியோட பின்பலகையில துப்பாக்கியோட உக்காந்திருக்கேன். சரி, குட்டி துரத்திக்கிட்டுப் போகட்டும், ஒரு சுத்து சுத்தி முயலைக் கொண்டாரட்டும்னு காத்திருந்தா, மின்னிக்குச் சுத்தறதுக்கெல்லாம் பொறுமை இல்ல. நேரா முயலோட முகத்துக்கு எதிரயே போய் நின்னுச்சு! மூக்கும் மூக்கும் முட்டற மாதிரி! முயல் அப்படியே திகைச்சுப் போச்சு. நான் டப்புனு சுட்டேன். ஈரலை அங்கயே எடுத்து அதுக்கு ஊட்டி விட்டேன். எத்தனை நாய் பாத்திருக்கேன் வெர்டா! முயலை எதிர்கொண்டு அழைக்கப் போற நாயை இப்பத்தான் பாக்கிறேன்."

மேசைக்கடியில் மின்னி படுத்திருந்தது. கறுப்பு, பழுப்பு, வெள்ளை மூன்றும் அளவாகக் கலந்த, நீளக் காதுள்ள பீகிள் சாதி வேட்டைநாய்க் குட்டி. தன் புகழைக் கேட்டுத் தூங்கிப் போயிருந்தது.

மிஸ் வெர்டா பிஸ்கட் மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்.

"முயல் எந்தப் புதர்ல இருந்து எழும்புச்சு?"

"வால்நட் மரத்தடியில. எப்பவும் அங்கதான் ஒண்ணு கிடக்கும்."

"எந்தப் பக்கமா ஓடுச்சு?"

"ஓடைப் பக்கமா."

"குட்டி அப்ப எங்க இருந்துச்சு?"

"அது வேலியோரம் என்னத்தையோ மோந்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் நடு வயல்ல வந்து தடத்தைப் பிடிச்சுது. பிடிச்சவுடனே கத்திக்கிட்டு..." கர்னியின் கை காற்றில் உயர்ந்தது. ஓடைப் பக்கம் காட்டப் போன கை பாதியில் நின்று, தயங்கி, வால்நட் மரம் இருக்கும் திசைக்குத் திரும்பியது. அங்கேயே நின்றுவிட்டது.

மிஸ் வெர்டா மாவைத் திருப்பிப் போட்டுத் தட்டினார்.

"ஐயோ," என்றார் கர்னி.

"ஆமா," என்றார் மிஸ் வெர்டா.

எங்கள் மலைகளில் இதைச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட விளக்கத் தேவையில்லை. காட்டு முயல் தன் இடத்தை விட்டு வெகுதூரம் போகாது. துரத்தினால் பெரிய வட்டமாக ஓடி, எழும்பிய இடத்துக்கே திரும்பி வரும். நாயின் வேலை அதன் தடத்தை மோந்தபடி, குரல் கொடுத்தபடி, பின்னாலேயே போவது. மனிதனின் வேலை வட்டம் முடியும் இடத்தில் காத்திருப்பது. மின்னி தடத்தைப் பிடித்தது உண்மைதான். ஆனால் முயல் போன திசையில் போகாமல் வந்த திசையில் போயிருக்கிறது. வட்டத்தைச் சுற்றி முடித்த முயல் எதிரே வந்து மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துச் சுட்டு, ஈரலையும் ஊட்டி, 'இதுதான் சரியான வழி' என்று கர்னியே தன் கையால் அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஊரெல்லாம் பெருமையும் அடித்துவிட்டார்.

"அதுக்கப்புறம் எத்தனை தடவை கூட்டிட்டுப் போனீங்க?"

"போனேன், போனேன். ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்துக்கிட்டுப் போகும், அப்புறம் சத்தமே இருக்காது. முயல் பொந்துக்குள்ள போயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"முயல் ஒரு பக்கம் போகும், இது இன்னொரு பக்கம் போகும். ஒரு தடவை தற்செயலா சந்திச்சுக்கிச்சு, ஒவ்வொரு தடவையும் எப்படிச் சந்திக்கும்?"

கர்னி குனிந்து குட்டியின் காதைப் பிடித்து விரலால் நீவினார். அவர் வாழ்நாள் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். கரித்தூள் நுரையீரலில் கல்லாய்ப் படிந்துவிட்டது. வீட்டு வாசலிலிருந்து தபால் பெட்டிவரை போய்த் திரும்பினால் அன்றைக்கு அதுதான் நடை. மேட்டிலும் முள்ளிலும் ஏறி முயலைத் தேடிப் போகிற காலம் போய்விட்டது. நடக்க முடியாத மனிதனும் வேட்டையாடலாம் என்றால் அதற்கு ஒரே வழி, முயலைச் சுற்றி அவரிடமே கொண்டுவரும் நேர்மையான நாய். அவருடைய பழைய நாய் போன இலையுதிர் காலத்தில் செத்துப்போனது. இனி இன்னொரு குட்டியை எடுத்துப் பழக்க அவருக்கு மூச்சு இல்லை.

"டவுன்ல யாருக்காவது குடுத்துடலாம்," என்றார் கடைசியில். "சோபா மேல வச்சு சீப்பால தலை வாரி விடுவாங்க." அதைவிடக் கேவலமான கதி ஒரு நாய்க்கு வர முடியாது என்பது போல் இருந்தது அவர் குரல். "இது கெட்டுப்போச்சுன்னா என் வேட்டையும் இதோட முடிஞ்சுது வெர்டா."

மிஸ் வெர்டா பிஸ்கட் தட்டை அடுப்புக்குள் தள்ளினார். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் வேட்டைக்குக் கொண்டுபோய் விட்ட நாயை அவர் பழக்க எடுப்பதில்லை. பால் மறந்த குட்டியாக வந்தால்தான் எடுப்பார். அது அவருடைய சட்டம். ஊருக்கே தெரியும்.

"விட்டுட்டுப் போங்க," என்றார். "ஆனா இதைப் பாக்கணும்னு இங்க வந்து நிக்கக் கூடாது."

ஊர்ப் பிள்ளைகள் மரியாதைக்கு மிஸ் என்று கூப்பிடும் வெர்டா எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். நான் சிறு வயதில் தினமும் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து போனவள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பின்னால் பையன்கள் அடித்துக்கொண்டால் வண்டியை ஓரமாக நிறுத்துவார், கண்ணாடியில் பார்ப்பார், அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லாமலே சண்டை ஓய்ந்துவிடும். அப்புறம் வண்டி கிளம்பும். அது பெரிய திறமை என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் நாய் பழக்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காலைப் பேருந்தை விட்டுவிட்டு வந்ததும் தன் கணவர் ஹோபர்ட்டின் முள்காப்புக் கால்சட்டையை மாட்டிக்கொள்வார். ஹோபர்ட் நேப்பியர் இறந்து நெடுநாள் ஆகிறது. இடுப்பில் பெரிதாக இருந்தால் என்ன, முட்புதருக்கு அது தெரியாது என்பார். வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட நிலம் ஒன்று உண்டு. உள்ளே தீவனப்புல்லும் ஆங்காங்கே புதர்க் குவியல்களும். ஜனவரியில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் தங்கள் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். அவற்றுக்கடியில்தான் முயல்கள் குட்டி போடும். சில மரங்களில் இன்னும் வெள்ளிச் சரிகை தொங்கிக்கொண்டிருக்கும்.

மற்றவர்கள் செத்த முயலின் தோலைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துப் பழக்குவார்கள். அவர் அதைச் செய்ய மாட்டார். "கயிறு வந்த வழியைக் கத்துக்கும். கயிறு இழுத்தவனோட பூட்ஸ் வாசத்தைக் கத்துக்கும். முயலை எப்பக் கத்துக்கும்?" என்பார். புல்லில் பனி காயும் முன் குட்டியை உள்ளே விடுவார். தலைகீழாய்க் கவிழ்த்த வாளிமேல் உட்காருவார். குட்டி தும்மும், பட்டாம்பூச்சி பிடிக்கும், தன் கழிவைத் தானே மோந்து பார்க்கும். ஒரு நாள் இளமுயல் ஒன்றின் தடம் அதன் மூக்கில் படும். தொண்டையிலிருந்து கதவு கீச்சிடுவது போல ஒரு சத்தம் வரும். குட்டிக்கே அது தன் குரல் என்று தெரியாது, திரும்பிப் பார்க்கும். அப்போதும் மிஸ் வெர்டா எழுந்திருக்க மாட்டார்.

ஓடிக்கொண்டிருக்கும் குட்டி தடத்தைத் தவறவிடும் நேரம்தான் வேடிக்கை. முயல் சட்டென்று குறுக்கே தாவியிருக்கும். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அங்குமிங்கும் தேடும். பக்கத்தில் நிற்கிற மனிதனுக்கு முயல் போன வழி கண்ணெதிரே தெரியும். கை காட்டத் துடிக்கும், வாய் கூவத் துடிக்கும். நல்ல நல்ல வேட்டைக்காரர்களெல்லாம் அந்த நேரத்தில் தோற்றுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மிஸ் வெர்டா அப்போது இரண்டு கைகளையும் பைகளுக்குள் விட்டுக்கொள்வார். குட்டி அவர் முகத்தைப் பார்த்தால் வேறெங்கோ மேகத்தைப் பார்ப்பார்.

ஊர் வேட்டைநாய்ச் சங்கத்தின் தலைவர் டெல்மஸ் ஒருமுறை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுக் கிண்டல் செய்தார். "வெர்டா, நீ நாயைப் பழக்குறியா, நாய் உன்னைப் பழக்குதா?"

"யாராவது ஒருத்தர் கத்துக்கிட்டா சரி."

மின்னியிடம் அந்த வித்தை எடுபடவில்லை. வசந்தம் முழுக்கவும் கோடை முழுக்கவும் எடுபடவில்லை. வேலிக்குள் முயல்கள் சின்னச் சின்ன வட்டமாய் ஓடின. மின்னி தடத்தைப் பிடிக்கும், அழகாகக் குரல் கொடுக்கும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னோக்கி ஓடும். வட்டம் சிறிதென்பதால் நாலில் ஒரு தரம் முயலை எதிரே சந்தித்துவிடும். அதற்கு அது போதும். உலகத்தில் எல்லா முயலும் எதிரேதான் வரும் என்ற நம்பிக்கை இன்னும் உறுதியானது.

பிறகு பட்டனோடு சேர்த்து விட்டுப் பார்த்தார். பட்டன் அவருடைய வயதான பெட்டை, மின்னியின் தாய். வாழ்நாளில் ஒரு பொய்க்குரைப்புக் குரைத்ததில்லை என்று பெயர் எடுத்தது. பட்டன் முன்னே போக மின்னி பின்னே போனது. வாரக்கணக்கில் எல்லாம் சரியாக நடந்தது. பட்டனைக் கூண்டில் அடைத்துவிட்டு மின்னியைத் தனியாக விட்ட அன்று, அது முதல் தடத்திலேயே திரும்பிப் பின்னால் ஓடியது.

"இது முயலைக் கத்துக்கல," என்றார் மிஸ் வெர்டா அன்று என்னிடம். "பட்டனைத்தான் கத்துக்கிட்டிருக்கு."

டெல்மஸ் அதைப் பார்த்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். "வெர்டா, கேக்கிறேன்னு கோவிச்சுக்காத. சங்கத்து நிலத்துல இதை மத்த நாயோட விட நான் சம்மதிக்க முடியாது. ஒண்ணு பின்னால ஓடுனா மத்ததும் குழம்பும். இதுக்குத் தலை திரும்பிருச்சு. திரும்பின தலையைத் திருப்பி வச்சவங்களை நான் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல," என்றார் மிஸ் வெர்டா.

"அப்புறம் என்ன?"

"கர்னிகிட்ட நீ போய்ச் சொல்றியா?"

டெல்மஸ் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். அங்கே பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தது. அடுத்து நடந்ததை நான் பேருந்திலிருந்த பிள்ளைகள் சொல்லித்தான் அறிந்தேன். ஆற்றோரச் சாலையில் காலை மூடுபனியில் போய்க்கொண்டிருந்தபோது மிஸ் வெர்டா திடீரென்று வண்டியை நிறுத்தினாராம். யாரும் சண்டை போடவில்லை. மான் ஏதும் குறுக்கே வரவில்லை. அவர் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பழைய ரயில்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

முன்பு சுரங்கத்திலிருந்து கரி ஏற்றிக்கொண்டு ரயில்பெட்டிகள் போன பாதை அது. சுரங்கம் மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜல்லி மேடு மட்டும் மிச்சம். ஒரு பக்கம் பாறையை வெட்டிய செங்குத்துச் சுவர். மறுபக்கம் கீழே சாலையும் ஆறும். நடுவில் ஒரு அறை அகலத்துக்கு நீளமாய்ப் போகும் நிலம், புல்லும் முட்புதரும் மண்டியது. அதன்மேல் ஒரு முயல் ஓடிக்கொண்டிருந்ததாம். வட்டம் அடிக்க அதற்கு இடமில்லை. நேராகவே ஓடி, ஓடி, கடைசியில் மேட்டுக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்துகொண்டதாம்.

"மிஸ் வெர்டா, நாம லேட்டு," என்றதாம் முன்னிருக்கைப் பெண்.

"தெரியும் கண்ணு. இந்த வருஷம் இதுதான் முதல் தடவையா நான் எதையாவது சரியான நேரத்துல பாத்திருக்கேன்."

அந்த மாலையிலிருந்தே மின்னியை அங்கே கொண்டுபோக ஆரம்பித்தார். திட்டம் கேட்பதற்கு மிக எளிது. அந்த மேட்டில் முயல் சுற்றி வர முடியாது. பின்னோக்கி ஓடும் நாய்க்கு எதிரே எதுவும் வராது. போகப் போக வாசம் மங்கும், முயல் படுத்திருந்த குழியோடு முடிந்துவிடும். முன்னோக்கி ஓடும் நாய்க்குப் போகப் போக வாசம் கூடும், குழாயின் வாயில் கொப்பளிக்கும். இத்தனை நாளும் எதிரே வந்து பொய் சொன்னது முயல்தான், குட்டி இல்லை. முயலால் பொய் சொல்ல முடியாத இடம் கிடைத்துவிட்டது. மிச்சத்தைக் குட்டியின் மூக்கிடம் விட்டுவிடலாம்.

நான் சில மாலைகளில் கூடப் போனேன். மின்னி முதலில் பழைய கம்பீரத்தோடு பின்னோக்கியே ஓடியது. குரல் உரத்து எழும், பிறகு மெலியும், பிறகு தனித்தனியாய் உடையும். காலிக் குழியில் மூக்கை வைத்து நிற்கும். முயல் வர வேண்டும். வரவில்லை. நேற்றும் வரவில்லை. குட்டி திரும்பி மிஸ் வெர்டாவைப் பார்க்கும். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு கையும் பைக்குள்.

"தூக்கிட்டு வந்து சரியான பக்கம் விட்டா என்ன?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அப்ப என் கையைக் கத்துக்கும்."

அந்த நாட்களில்தான் கர்னி வந்து சேர்ந்தார். வரக்கூடாது என்று சொன்னதை அவர் வீட்டுக்கு வரக்கூடாது என்று மட்டும் அர்த்தம் செய்துகொண்டிருந்தார். ஆற்றோரச் சாலையில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னி குழம்பி நின்ற நேரம். தயங்கித் தயங்கி முதல் தடவையாகச் சரியான திசையில் இரண்டடி எடுத்து வைத்தது.

"அதான் மின்னி! அங்கதான்! புடி, புடி!" என்று கீழேயிருந்து குரல் வெடித்தது. தொடர்ந்து இருமல்.

மின்னி தலையைத் தூக்கியது. முகமெல்லாம் சந்தோஷம். தடத்தை அப்படியே விட்டுவிட்டு மேட்டிலிருந்து உருண்டு இறங்கி வண்டிச் சன்னலில் முன்னங்காலைப் போட்டு நின்றது.

மிஸ் வெர்டா நிதானமாக இறங்கி வந்தார். குட்டியைப் பிடித்துக்கொண்டார். கர்னியின் இருமல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"கர்னி, நான் என்ன சொன்னேன்?"

"வீட்டுக்கு வராதேன்னு சொன்ன. இது சாலை. அரசாங்கச் சொத்து."

"குட்டி தடத்தைப் பாத்து ஓடக் கத்துக்கல. உங்க வாயைப் பாத்து ஓடக் கத்துக்கிட்டிருக்கு. வாய் எங்க இருக்கோ அங்க ஈரல் இருக்கும்னு நினைக்குது."

"சரி, நான் என்ன பண்ணணும்ங்கற?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

"அது எனக்கு வராது வெர்டா."

"தெரியும். ஹோபர்ட் சொல்லுவாரு, சுரங்கத்துல உங்க பக்கத்துல வேலை செஞ்சா கரியைவிடப் பேச்சுதான் அதிகமா விழும்னு."

கர்னி சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலானது. மிஸ் வெர்டா சன்னல் வழியாகக் கையை விட்டு, வண்டியின் முன்பலகையிலிருந்து ஒரு தோல் கையுறையை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"வாய் தானா திறந்தா இதைக் கடிச்சுக்குங்க. நான் இந்தச் சீசன்ல ரெண்டு பேரைப் பழக்கிக்கிட்டிருக்கேன். குட்டி சீக்கிரமே கத்துக்கும்."

அதன் பிறகு கர்னி தினமும் வந்தார். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பற்களுக்கு நடுவில் கையுறை தொங்கியது. சாலையில் போகிறவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. டெல்மஸ் ஒருநாள் வண்டியை மெதுவாக்கி, "என்ன கர்னி, பழகிட்டியா? கயிறு அவுத்து விடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கர்னி கையுறையை எடுக்காமலே அவரைத் திட்டினார்.

இலைகள் சிவந்துகொண்டிருந்த ஒரு மாலையில் மின்னி காலிக் குழிவரை போனது. நின்றது. மூக்கைத் தூக்காமலே திரும்பியது. தான் ஓடிவந்த அதே தடத்தில் திரும்ப நடந்தது. தடம் பிடித்த இடத்தைத் தாண்டியது. வால் மெதுவாக ஆட ஆரம்பித்தது. பிறகு வேகமாக. குரல் வந்தது. மெலியாமல் வளர்ந்துகொண்டே போன குரல். பாறைச் சுவர் அதை வாங்கி ஆற்றுக்கு எறிந்தது. தண்ணீர்க் குழாய்வரை அது நிற்கவே இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழாய்க்குள் தலையை விட்டு, உடம்பெல்லாம் நடுங்க, உள்ளே இருக்கும் முயலிடம் உலகத்துச் செய்தியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

மிஸ் வெர்டா ஜல்லியில் மண்டியிட்டார். பையிலிருந்து கையை எடுத்தார். குட்டியின் காதடியில் விரலை வைத்து மெல்லத் தேய்த்தார்.

"ம்," என்றார். "அதுதான்."

அதற்குமேல் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. யாரையும்.

கீழே சாலையில் வண்டிச் சன்னல் மூடியே இருந்தது. உள்ளே கர்னி கையுறையைக் கடித்தபடி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மேட்டில் ஓடியது வேறு, திறந்த வயலில் ஓடுவது வேறு. அது எல்லாருக்கும் தெரியும். வயலில் முயல் மறுபடி வட்டமடிக்கும். பழைய பொய் மறுபடி உண்மையாகத் தெரியும். ஒரே ஒரு தரம் பின்னோக்கி ஓடி ஒரு முயலை எதிரே சந்தித்துவிட்டால் போதும், எல்லாம் போச்சு. அதனால் மிஸ் வெர்டா அவசரப்படவில்லை. வேட்டைக் காலம் தொடங்கி மற்றவர்கள் வண்டி வண்டியாக நாய்களை ஏற்றிக்கொண்டு போனபோதும் அவர் மேட்டிலேயே இருந்தார். டிசம்பரில் உறைபனி உருகி மண் ஈரமாய் இருந்த ஒரு காலையில்தான் கர்னியின் வயலுக்கு வந்தார். டெல்மஸும் வந்தார், யாரும் கூப்பிடாமலே.

கர்னி வண்டியின் பின்பலகையில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், மடியில் துப்பாக்கி. முகம் சவரம் செய்து, தேவாலயத்துக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை போல் இருந்தது.

"சுடலாமா வெர்டா?"

"முயல் முன்னாலயும் மின்னி பின்னாலயும் வந்தா சுடுங்க. மின்னி முயலுக்கு எதிர்ல வந்தா துப்பாக்கியைக் கீழ வச்சிருங்க. உங்க தோட்டா எந்தப் பக்கம் பேசுதோ அதைத்தான் அது நம்பும்."

மிஸ் வெர்டா வால்நட் மரத்தடிக்குப் போய்ப் புதரை ஒரு உதை விட்டார். முயல் தெறித்து எழும்பியது. வெள்ளை வால் வயலைக் கடந்து ஓடைப் பக்கம் போய் மறைந்தது. அவர் கூவவில்லை. ஒதுங்கி நின்று கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மின்னி வேலியோரம் எதையோ மோந்துகொண்டிருந்தது. கர்னி சொன்ன முதல் தடவை போலவே. நிதானமாக அங்கிருந்து கிளம்பி வயலுக்குள் வந்தது. நடு வயலில் சட்டென்று நின்றது. தடம். மூக்கு தரையில் ஒட்டியது. முன்னங்கால் வால்நட் மரத்தின் பக்கம் திரும்பியது. ஓரடி. இன்னோரடி.

டெல்மஸ் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மிஸ் வெர்டா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கால்சட்டைப் பைகளுக்குள் அவர் விரல்கள் மூடி மூடித் திறந்தன. துணிக்கு மேலேயே தெரிந்தது.

மின்னி இன்னும் ஓரடி வைத்தது. நின்றது. மூச்சை உள்ளே இழுப்பது தெரிந்தது. ஏதோ கணக்குத் தப்பியதைக் கண்டுபிடித்தவர் போல அப்படியே திரும்பியது. ஓடையை நோக்கி ஓடத் தொடங்கியது. குரல் எழுந்தது.

ஓடைக்கரை, அப்பால் மேடு, மேட்டில் ஊசியிலைக் காடு. குரல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஒரு சத்தமும் இல்லை. தவறவிட்டிருக்கிறது. எங்கே, எப்படி என்று பார்க்க வழியில்லை. இப்போது ஒரு கூச்சல் போட்டால் குட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடும். கர்னிக்கு அது நன்றாகத் தெரியும். கையுறை பற்களுக்கு நடுவில் நசுங்கியது. அதோடு இருமலும் கிளம்பிவிட்டது. தோள் குலுங்கியது, முகம் செங்கல்லாகச் சிவந்தது, கண்ணில் நீர் கொட்டியது. ஒரு சின்னச் சத்தம்கூட வெளியே வரவில்லை. சுரங்கத்தில்கூட அவ்வளவு கஷ்டமான வேலை அவர் செய்திருக்க மாட்டார்.

புகையிலைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து குரல் மறுபடி கேட்டது. கிட்டத்தில். இந்தப் பக்கமாகவே.

முயல் கொட்டகையின் மூலையில் தோன்றியது. மெதுவாகத் தொடரும் பீகிளுக்கு முன்னால் எந்த முயலும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடாது. கொஞ்சம் தாவும், உட்காரும், காதைத் திருப்பிக் கேட்கும், மறுபடி தாவும். அப்படித்தான் வந்தது. வண்டிப் பாதையில் வந்து உட்கார்ந்தது. குட்டியின் குரல் அதற்குப் பின்னால். மிகத் தெளிவாகப் பின்னால்.

கர்னி துப்பாக்கியைத் தூக்கினார். வெடித்தது. முயலுக்கு ஒரு முழம் தள்ளி ஜல்லி பறந்தது. முயல் ஒரே தாவலில் வண்டிக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறி வால்நட் மரத்தை நோக்கிப் போய்விட்டது.

கையுறை கீழே விழுந்தது. "இந்தக் குழாய்! இந்தப் பாழாப்போன ஆக்சிஜன் குழாய் கையைப் பிடிச்சு இழுத்துருச்சு!"

"ஆமா கர்னி," என்றார் டெல்மஸ். "முயலும் அதையேதான் சொல்லிட்டுப் போச்சு."

"உஷ்," என்றார் மிஸ் வெர்டா.

மின்னி கொட்டகை மூலையைத் திரும்பி வந்தது. மூக்கு தரையில், காதுகள் ஈரத்தில் புரண்டன, வால் நிமிர்ந்து சுழன்றது, மூச்சுக்கொரு குரல். முயல் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்த அளவே நின்றது. முயல் தாவிய இடத்தில் தாவியது. நேரே வண்டிக்கு வந்தது. கர்னி அவசரமாகக் காலைத் தூக்கி வழிவிட்டார். அவர் பூட்ஸுக்கும் டயருக்கும் நடுவில் புகுந்து, வண்டிக்கடியில் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, வால்நட் மரத்தைத் தொட்டு, அங்கே நிற்காமல் ஓடைப் பக்கம் மறுபடி போனது.

கர்னி தூக்கிய காலை இன்னும் கீழே வைக்கவில்லை.

"என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல வெர்டா," என்றார். 

"இல்ல."

"துப்பாக்கி வெடிச்சுது. நான் கத்தினேன். எஜமான்னு ஒரு மரியாதைக்காவது..."

"அதுக்கு வேலை இருக்கு கர்னி."

மிஸ் வெர்டா குனிந்து கையுறையை எடுத்தார். ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு அவரிடம் நீட்டினார். ஓடைக்கு அப்பால் குரல் மேடேறிக்கொண்டிருந்தது.

"இன்னொரு சுத்து வரும். தோட்டாவைப் போடுங்க."

கர்னி தோட்டாவைப் போட்டார். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு நினைத்துக்கொண்டவராய்க் கையுறையை வாங்கிப் பற்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கொட்டகை மூலையைப் பார்த்து உட்கார்ந்தார்.